கண் முகாமின் செலவுக் கணக்கும் கொடையாளரின் வேலையும்

தென் மாவட்டங்களின் சிற்றூர்களில் பெற்றோரின் நினைவு நாளை ஒட்டி இலவசக் கண் சிகிச்சை முகாம் நடத்துவது இன்று நன்கு வேரூன்றிய வழக்கம். எங்கள் ஊர்ச் சேவைச் சங்கத்தில் முகாம் ஏற்பாட்டைப் பல ஆண்டுகளாகக் கவனித்து வருபவன் என்ற முறையில், முகாம் நடத்தித் தர வேண்டும் என்று கேட்டு வருகிற குடும்பங்களோடு முதலில் பேசுகிற வேலை பெரும்பாலும் எனக்கே வந்து சேரும். அவர்கள் ஒரு தொகையையும், தட்டியில் அச்சிட வேண்டிய புகைப்படத்தையும் கையோடு கொண்டு வருவார்கள். "இந்தப் பணத்தில் எத்தனை பேருக்கு ஆபரேஷன் செய்யலாம்?" என்பதே அநேகமாக எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி. அவர்கள் தருகிற பணத்தில் ஒரு ரூபாய்கூட அறுவைச் சிகிச்சைக்குப் போகாது என்று சொன்னால் முகம் சற்று வாடும். பொதுச் சுகாதாரத்தில் கொடையின் இடம் எது என்பதைப் பற்றி நான் அறிந்தவற்றில் பெரும்பகுதி, அந்த வாட்டத்தைப் போக்குவதற்காகச் சொல்லத் தொடங்கிய விளக்கங்களிலிருந்து வந்தது.

முகாமின் செலவுக் கணக்கை எழுதிப் பார்த்தால் விஷயம் புரியும். சுற்றுவட்டார ஊர்களுக்குத் துண்டறிக்கை அச்சிடுவது, ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோவை முகாமுக்கு முந்தைய நாட்களில் தெருத்தெருவாக அனுப்புவது, பள்ளி வளாகத்தைக் கேட்டு வாங்கி பெஞ்சுகளை ஒழுங்குபடுத்துவது, குடிநீர் கேன், மருத்துவக் குழுவினருக்குக் காலை இட்லியும் மதியச் சாப்பாடும், காத்திருக்கும் முதியவர்களுக்குத் தேநீரும் பன்னும், அறுவைக்குத் தேர்வானவர்களை அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும் பேருந்துக்கான செலவில் ஒரு பங்கு, கண்ணாடி வாங்க இயலாதவர்களுக்கு அதன் விலை. கொடையாளரின் பணம் இவ்வளவுக்குத்தான். மருத்துவர், செவிலியர், கருவிகள், அறுவை, கண்ணுக்குள் பொருத்தும் லென்ஸ், மருத்துவமனையில் தங்கும் நாட்களுக்கான படுக்கையும் உணவும், வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் சொட்டு மருந்து ஆகியவை மருத்துவமனையின் பொறுப்பு. அதற்கான பணம் கட்டணம் செலுத்திச் சிகிச்சை பெறுவோரிடமிருந்தும், பார்வையிழப்புத் தடுப்புத் திட்டத்தின் கீழ் ஓர் அறுவைக்கு இவ்வளவு என்று அரசு தரும் உதவித் தொகையிலிருந்தும் வருகிறது. துண்டறிக்கையின் தலைப்பில் சங்கத்தின் பெயரோடும் மருத்துவமனையின் பெயரோடும் 'மாவட்டப் பார்வையிழப்புத் தடுப்புச் சங்கம்' என்ற வரியும் இடம்பெறுவது அதனால்தான். அந்தச் சங்கத்தின் தலைவர் மாவட்ட ஆட்சியர். ஆக, ஒரு துண்டறிக்கையின் மேல் மூன்று வரிகளில் மூன்று வகைப் பணமும் மூன்று வகைப் பொறுப்பும் இருக்கின்றன.

இந்தப் பங்கீடு ஒரே நாளில் உருவானதன்று. 1960களிலும் 70களிலும் முகாம் என்றால் அறுவையும் அங்கேயே நடக்கும். பள்ளிக்கூடமோ சத்திரமோ தற்காலிக மருத்துவமனையாகிவிடும். வகுப்பறையில் மேசை போட்டு அறுவை செய்து, நோயாளிகளைத் தரையில் பாய் விரித்து வரிசையாகப் படுக்க வைத்து, தலையை அசைக்கக்கூடாது என்று எச்சரித்துப் பல நாட்கள் கவனித்துக்கொள்வார்கள். அந்த நாட்களில் நோயாளிகளுக்குக் கஞ்சி காய்ச்சி ஊற்றியவர்களும், மூட்டை அரிசியும் விறகும் அனுப்பியவர்களும் உள்ளூர் வணிகர்கள், ஆலை முதலாளிகள், மிராசுதார்கள், சுழற்சங்கத்தார். கண்ணுக்குள் லென்ஸ் வைக்கும் முறை அப்போது பரவவில்லை. கண்புரை விழுந்த இயற்கை வில்லையையே எடுத்துவிட்டு, சோடா புட்டிக் கண்ணாடி என்று ஊரார் கேலி செய்கிற தடித்த கண்ணாடியைப் போட்டு அனுப்பினார்கள். அந்தக் கண்ணாடி உடைந்துவிட்டால் பார்வையும் போயிற்று என்பதுதான் பலருடைய நிலைமை.

அக்காலத்தில் மதுரை அரசு மருத்துவமனையில் கண் மருத்துவப் பேராசிரியராக இருந்துகொண்டே ஊர் ஊராக முகாம் நடத்தியவர் டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி. எட்டயபுரத்தை அடுத்த வடமலாபுரத்தில் 1918-இல் பிறந்தவர். இளமையில் வந்த கடுமையான முடக்குவாதத்தால் விரல்கள் திருகிக்கொண்ட பிறகு, மகப்பேறு மருத்துவராகும் எண்ணத்தைக் கைவிட்டுக் கண் மருத்துவத்துக்கு வந்தவர். பார்வையிழந்தோருக்கான காமன்வெல்த் ராயல் சங்கம் போன்ற வெளிநாட்டு அமைப்புகளின் உதவியையும் உள்ளூர்ப் பெரியவர்களின் உதவியையும் அரசுப் பணியில் இருந்தபடியே ஒன்றிணைத்தார். பணி ஓய்வு பெற்றதும் 1976-இல் தம் உடன்பிறந்தார், அவர்களுடைய துணைவர் ஆகியோருடன் சேர்ந்து, மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். வங்கிக் கடனை நம்பியிராமல் குடும்பத்தார் நகைகளை அடகு வைத்துக் கட்டடம் எழுப்பிய கதை பலருக்கும் தெரிந்ததே. பின்னர் தேனி, திருநெல்வேலி, கோயம்புத்தூர், புதுச்சேரி என்று அது விரிந்தது.

அரவிந்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அதன் நிர்வாகத் திறனில் நின்றுவிடுகிறார்கள்: பணம் செலுத்துகிறவரிடம் பெறுகிற தொகையால் பணம் இல்லாதவருக்குச் சிகிச்சை, ஒரு மருத்துவர் நாள் முழுவதும் ஓய்வின்றி அறுவை செய்வதற்கேற்ற மேசை ஒழுங்கு, கிராமத்துப் பெண்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்து அமர்த்திய செவிலியர் படை. இவையெல்லாம் உண்மையே. ஆனால் இந்த ஏற்பாடு முழுவதும் ஒரே ஒரு நிபந்தனையின் மேல் நிற்கிறது. மேசை ஒருபோதும் காலியாக இருக்கக்கூடாது. மேசை காலியாக இருந்தால் ஓர் அறுவைக்கான செலவு ஏறும். செலவு ஏறினால் இலவசம் சுருங்கும். அந்த மேசைக்கு ஆட்களைக் கொண்டுவந்து சேர்ப்பவர் அறுவை மருத்துவர் அல்லர். ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி அனுப்புகிற ஊர்ச் சங்கமும், வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் பின்பும் ஞாயிறு ஆராதனைக்குப் பின்பும் முகாமைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்கிற பெரியவர்களும், சுயஉதவிக் குழுப் பெண்களும்தான். பெயர்ப் பலகைக்காகக் கொடுக்கப்படுகிற சிறிய தொகைதான் பெரிய இயந்திரத்தின் வாயிலுக்கு ஆட்களை அழைத்து வருகிறது என்று நான் கொடையாளர்களிடம் சொல்வது மிகையன்று.

ஏழைக்குத் தடையாக நிற்பது அறுவையின் விலை மட்டுமன்று என்பதை ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன. தென்னிந்தியக் கிராமங்களில் நடத்தப்பட்டு 1991-இல் வெளியான ஓர் ஆய்வில், மக்களை அறுவைக்கு வரவழைக்கும் பல வழிகளை ஊர்வாரியாகப் பிரித்துச் சோதித்துப் பார்த்தார்கள். அறுவையை மட்டும் இலவசமாக்குவதைவிட, உணவையும் போக்குவரத்தையும் சேர்த்து முழுச் செலவையும் ஏற்பது அதிகம் பேரை வரவழைத்தது. ஏற்கெனவே அறுவை செய்துகொண்டு பார்வை பெற்ற ஒருவர் வீடு வீடாகச் சென்று பேசுவது, நன்கு பலன் தந்த வழிகளுள் ஒன்றாக அமைந்தது. சுவரொட்டியும் ஒலிபெருக்கியும் செய்தியைத்தான் சேர்க்கும். நம்பிக்கையைச் சேர்ப்பதற்கு, பார்வை வந்த கண்ணோடு ஓர் ஆள் வாசற்படியில் வந்து நிற்க வேண்டியிருக்கிறது.

இதை எங்கள் முகாமில் ஒருமுறை மிக அருகிலிருந்து பார்த்தேன். இரு கண்ணிலும் புரை முற்றிய ஒரு மூதாட்டி, பார்வைச் சோதனை, கண்ணழுத்தம், கண்ணீர்ப் பாதைச் சோதனை, சர்க்கரை, இரத்த அழுத்தம் என்று எல்லா மேசைகளையும் பொறுமையாகக் கடந்து, அறுவைக்குத் தேர்வாகி, கையில் சீட்டும் வாங்கிவிட்டார். பேருந்தின் படி வரை வந்த பிறகு, "இல்லய்யா, நான் வரல. ஆட்டை யாரு பாக்குறது?" என்று திரும்பிவிட்டார். ஆலோசகராக வந்திருந்த இளம்பெண் எவ்வளவோ எடுத்துச் சொல்லிப் பார்த்தார். அறுவை இலவசம், சாப்பாடு இலவசம், கொண்டுபோய்க் கொண்டுவந்து விடுவோம், துணைக்கு ஆள் வேண்டாம் என்ற எல்லாமே பாட்டியின் காதில் விழுந்தன. எதுவும் ஆட்டுக்குப் பதிலாகவில்லை. முந்தைய முகாமில் அறுவை செய்துகொண்டு மறுபரிசோதனைக்காக அன்று வந்திருந்த, அதே தெருவைச் சேர்ந்த இன்னோர் அம்மா இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். "மதினி, ஆட்டை நான் அவுத்துக் கட்டுறேன், நீங்க ஏறுங்க. எனக்கும் இப்பிடித்தான் பயமா இருந்துச்சு, எறும்பு கடிச்ச மாதிரிகூட இல்ல" என்று சொல்லி, கையைப் பிடித்து ஏற்றிவிட்டார். எங்கள் திட்டத்தில் ஆடு இல்லை. எந்த மருத்துவமனையின் திட்டத்திலும் அது இருக்க முடியாது. அந்தத் தெருவிடம்தான் அதற்கு விடை இருந்தது.

வயதான பெண்கள் விஷயத்தில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். "இந்த வயசுக்கு மேல எனக்குக் கண்ணு என்னத்துக்கு" என்று அவர்களே சொல்லிவிடுகிறார்கள். வீட்டில் இருப்பவர்களும் மறுத்துப் பேசுவதில்லை. ஆணுக்குப் பார்வை மங்கினால் கூலி போகிறது என்று வீடு பதறுகிறது. பெண் தடவித் தடவிச் சமைத்துப் பேரக் குழந்தையையும் பார்த்துக்கொண்டால், பார்வை போனதை வீடு கவனிப்பதற்கே ஆண்டுகள் ஆகின்றன. கண்புரை அறுவை பெறுவதில் இந்தியப் பெண்கள் ஆண்களைவிடப் பின்தங்கியிருப்பதாக ஆய்வுகள் சொல்வதற்கு, நான் பார்த்த வரையில், முகாம் மேசைக்கு வெளியே உள்ள இந்தக் காரணங்களே பெரிதும் பொறுப்பு. ஆகவே துண்டறிக்கைகளைத் தேநீர்க் கடையில் கொடுப்பதோடு நிறுத்திவிடாமல், நியாய விலைக் கடை வரிசையிலும் நூறு நாள் வேலைத் தளத்திலும் கொடுக்கச் சொல்கிறோம்.

முகாம் நடக்கும் இடமும் சிறிய விஷயமன்று. ஒரு கொடையாளர் தம் சமூகத்தாரின் திருமண மண்டபத்தை இலவசமாகத் தர முன்வருவார். மின்விசிறி இருக்கும், கழிப்பறை இருக்கும், எங்களுக்கு வாடகை மிச்சம். ஆனால் அந்த மண்டபத்துக்குள் என்றுமே கால் வைத்திராத தெருக்களிலிருந்து அன்று மட்டும் ஆட்கள் வந்துவிடுவார்கள் என்று எதிர்பார்ப்பது அறியாமை. அரசுப் பள்ளி வளாகத்துக்கு எல்லோரும் வருவார்கள். அவர்களுடைய பேரப் பிள்ளைகள் அங்கே படிக்கிறார்கள். இதைக் கொடையாளர் மனம் நோகாமல் எடுத்துச் சொல்வது, முகாம் ஏற்பாட்டின் வேலைகளிலேயே கடினமானது என்று சொல்வேன். சிறப்பு விருந்தினர் வரும் வரை பதிவைத் தொடங்காமல் முதியவர்களை வெறும் வயிற்றோடு உட்கார வைக்கும் வழக்கத்தை நிறுத்தியது அதற்கடுத்த கடினமான வேலை. இப்போது பதிவு காலை 8 மணிக்குத் தொடங்கிவிடும். குத்துவிளக்கு எப்போது வேண்டுமானாலும் ஏற்றிக்கொள்ளலாம்.

கொடை என்பதில் இன்னொரு வகையும் உண்டு. கண்ணுக்குள் பொருத்தும் லென்ஸ் வெளிநாட்டிலிருந்து வந்துகொண்டிருந்த 1980களின் இறுதியில், ஒரு லென்ஸின் விலை 100 டாலரை ஒட்டி இருந்தது. கட்டணம் செலுத்துவோருக்கு லென்ஸ், இலவச நோயாளிக்குச் சோடா புட்டிக் கண்ணாடி என்ற பிரிவு அதனால் ஏற்பட்டது. வெளிநாட்டு நிறுவனங்களும் அன்பர்களும் லென்ஸ்களை நன்கொடையாக அனுப்பினார்கள்; ஆனால் தேவையோ ஆண்டுக்கு ஆயிரக்கணக்கில் இருந்தது. அமெரிக்காவின் சேவா அறக்கட்டளையும் டேவிட் கிரீன் என்ற அதன் செயற்பாட்டாளரும் இந்த இடத்தில் எடுத்த முடிவு வேறு விதமானது. லென்ஸை வாங்கி அனுப்பிக்கொண்டே இருப்பதற்குப் பதிலாக, லென்ஸ் செய்யும் தொழில்நுட்பத்தை மதுரைக்குக் கொண்டுவர உதவினார்கள். 1992-இல் அரவிந்தின் லென்ஸ் தொழிற்சாலையான ஆரோலேப் தொடங்கியது; 10 டாலரை ஒட்டிய விலைக்கு லென்ஸ் கிடைத்தது; பின்னர் அந்த விலையும் இறங்கியது. இன்று 100-க்கும் மேற்பட்ட நாடுகளுக்கு அங்கிருந்து லென்ஸ் போகிறது. நன்கொடை அனுப்பிய கப்பலை நிறுத்திவிட்டு ஒரு தொழிற்சாலைக்கு வழி செய்தவர்களுக்கு அதன் பிறகு அந்தத் துறையில் கொடுப்பதற்கே வேலை இல்லாமல் போயிற்று. எங்கள் ஊர்க் கொடையாளர்களிடம் இதைச் சொன்னால், "அப்படியானால் வருடா வருடம் பெயர் வராதே" என்று ஒருவர் நேரடியாகவே கேட்டார். நேர்மையான கேள்வி, என்னிடம் இனிப்பான பதில் இல்லை.

சமூகத்தின் பங்கு அறுவையோடு முடிவதில்லை என்பதற்கு நம் மாநிலத்திலேயே இன்னொரு நல்ல சான்று இருக்கிறது. வைட்டமின் ஏ குறைவால் வரும் மாலைக்கண்ணும் அதன் முற்றிய நிலையான கருவிழி கரைதலும் குழந்தைகளின் பார்வையைப் பறித்துக்கொண்டிருந்த காலத்தில், திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் ஊர்களில் டாக்டர் லட்சுமி ரஹ்மத்துல்லா தலைமையில் ஓர் ஆய்வு நடந்தது. பள்ளி செல்லும் வயதை எட்டாத சுமார் 15,000 குழந்தைகளில் ஒரு பகுதியினருக்கு வாரந்தோறும் சிறிதளவு வைட்டமின் ஏ கொடுத்தார்கள். அன்றாடம் போதிய கீரையும் மஞ்சள் நிறப் பழங்களும் உண்டால் கிடைக்கக்கூடிய அளவுதான் அது. 1990-இல் வெளியான முடிவின்படி, அந்தக் குழந்தைகளிடையே இறப்பு 54 விழுக்காடு குறைந்திருந்தது. கண்ணைக் காக்கப் புறப்பட்ட முயற்சி உயிரையே காத்தது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை பெரிய அளவாகக் கொடுத்துவிட்டுப் போவதற்கு ஒரு வண்டியும் ஒரு மருத்துவக் குழுவும் போதும். வாரந்தோறும் கொடுப்பதென்றால், அந்தந்தக் குழந்தையின் வீடு, தாய் வேலைக்குப் போகும் நேரம், பாட்டி வீட்டுக்குப் போயிருக்கும் நாள் ஆகியவற்றை அறிந்த உள்ளூர்ப் பணியாளர்கள் தேவை. இப்படிப்பட்ட ஆய்வின் முதுகெலும்பு அவர்கள்தான்.

அரசின் பங்கைக் குறைத்துச் சொல்வது கொடையாளர் கூட்டங்களில் ஒரு நாகரிகமாகவே ஆகிவிட்டது. எனக்கு அது உடன்பாடன்று. அரவிந்த் தொடங்கிய அதே 1976-இல்தான் தேசியப் பார்வையிழப்புக் கட்டுப்பாட்டுத் திட்டமும் தொடங்கியது. சென்னை எழும்பூர்க் கண் மருத்துவமனையோ 1819 முதல் இயங்கி வருகிறது. டாக்டர் வெங்கடசாமியே அரசு மருத்துவமனையில் கற்று, கற்பித்து, அங்கேயே முகாமின் நுணுக்கத்தைப் பழகியவர். 1994 முதல் 2002 வரை உலக வங்கிக் கடனுதவியோடு தமிழ்நாடு உட்பட 7 மாநிலங்களில் நடந்த கண்புரைத் திட்டம், தொண்டு நிறுவனங்களை அரசின் கணக்குக்குள் முறையாகச் சேர்த்துக்கொண்டது. கட்டடமும் பயிற்சியும் அரசினுடையவை, ஆட்களை அழைத்து வரும் திறன் உள்ளூர் அமைப்புகளினுடையது, அறுவைக் கொள்ளளவு இரு தரப்புக்கும் பொது என்ற நிலை அப்போதுதான் உறுதிப்பட்டது. நாட்டில் பார்வையிழந்தோரின் விகிதம் 2001-02 கணக்கெடுப்பில் 1.1 விழுக்காடாக இருந்தது, 2015-19 கணக்கெடுப்பில் 0.36 விழுக்காடாகக் குறைந்திருக்கிறது. இடையில் பார்வையிழப்புக்கான வரையறை இறுக்கப்பட்டது என்பதால் இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட்டு மார்தட்டிக்கொள்வது சரியாகாது. ஆயினும் திசை ஐயத்துக்கிடமின்றி நல்ல திசையே. அதே கணக்கெடுப்பில், 50 வயதைக் கடந்தோரிடையே பார்வையிழப்புக்கு இன்னமும் மூன்றில் இரண்டு பங்குக் காரணம் அறுவை செய்யப்படாத புரைதான் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

எண்ணிக்கையின் மேல் மட்டும் கண் வைத்தால் என்ன ஆகும் என்பதற்கும் நம் மாநிலத்தில் கசப்பான சான்று உண்டு. 2008-இல் விழுப்புரம் மாவட்ட ஊர் ஒன்றில் நடந்த முகாமில் தேர்வாகி, பெரம்பலூரில் அறுவை செய்துகொண்டவர்களில் அறுபதுக்கும் மேற்பட்டோர் தொற்றால் பார்வையை இழந்தார்கள். அவர்களுள் பெரும்பாலோர் ஏழைகள். "இந்த வருடம் போன வருடத்தைவிட அதிகம் பேர்" என்று மேடையில் அறிவிக்கத் துடிக்கும் கொடையாளரும் சங்கமும் இதை மறக்கக்கூடாது. நாங்கள் ஒப்பந்தம் செய்யும் மருத்துவமனையிடம் அறுவை எண்ணிக்கையை மட்டும் கேட்டுப் பெறுவதில்லை. எத்தனை பேருக்குத் தொற்று ஏற்பட்டது, ஒரு மாதம் கழித்து எத்தனை பேர் மறுபரிசோதனைக்கு வந்தார்கள், அவர்களுடைய பார்வை எந்த அளவுக்குத் திரும்பியது என்றும் எழுத்தில் கேட்கிறோம். தொடக்கத்தில் இது அவமதிப்பாக எடுத்துக்கொள்ளப்படும் என்று எங்கள் உறுப்பினர்கள் அஞ்சினார்கள். நல்ல மருத்துவமனைகள் கேட்பதற்கு முன்பே அந்த அட்டவணையை வைத்திருக்கின்றன; தயங்கும் இடத்தில்தான் யோசிக்க வேண்டும். இலவசமாகச் செய்கிறவரிடம் கணக்குக் கேட்கலாமா என்ற கூச்சம், இலவசமாகப் பெறுகிறவரின் கண்ணைவிடப் பெரிதாக இருக்க முடியாது.

முகாமுக்கே உரிய ஓர் எல்லையையும் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டு ஊர்களில் செய்யப்பட்டு 1999-இல் வெளியான ஆய்வு ஒன்று, கண் கோளாறு இருந்தும் முகாமுக்குச் சென்றோர் சுமார் 7 விழுக்காட்டினர் மட்டுமே என்று கண்டது. ஆண்டுக்கு ஒருநாள் வந்து போகிற முகாம், அந்த நாளில் வயல் வேலை இருப்பவரையும், உறவினர் வீட்டுக் காரியத்துக்குப் போனவரையும், "புரை இன்னும் பழுக்கட்டும்", "கத்தரி வெயிலில் கண்ணில் கை வைக்கக்கூடாது" என்று தள்ளிப்போடுகிறவரையும் தவறவிடத்தான் செய்யும். 2004 முதல் அரவிந்த் சிற்றூர்களில் திறந்துவரும் பார்வை மையங்கள் இதற்கு விடையாக எழுந்தவை. ஒரு வாடகைக் கட்டடம், பயிற்சி பெற்ற இரண்டு மூன்று பெண்கள், கண்ணை உருப்பெருக்கிப் பார்க்கும் கருவி, மதுரையிலோ தேனியிலோ இருக்கும் மருத்துவரோடு காணொளியில் பேச ஓர் இணைப்பு, அங்கேயே கண்ணாடி. தேனி மாவட்டத்து மையங்களுக்கு இணைப்புக் கிடைக்காமல் இருந்த காலத்தில், கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தாரும் இன்டெல் நிறுவனத்தாரும் நெடுந்தொலைவு வைஃபை கோபுரங்களை அமைத்துத் தந்தார்கள். வாரத்தின் வேலை நாட்களிலெல்லாம் திறந்திருக்கும் கதவு அது. மையத்தைத் திறக்கும் ஒருநாளோடு குத்துவிளக்கும் மாலையும் முடிந்துவிடும் என்பதால் கொடையாளருக்கு அதில் கவர்ச்சி குறைவு. வாடகையும் மின்கட்டணமும் மாதாமாதம் வரும்.

கண்புரை ஒரு வகையில் கொடையாளருக்கு ஏற்ற நோய். ஒரே அறுவை, மறுநாள் கட்டைப் பிரித்ததும் பார்வை, உடனே கையெடுத்துக் கும்பிடும் முதியவர், அதைப் பிடித்து வைக்க ஒரு புகைப்படம். சர்க்கரை நோயால் விழித்திரை கெடுவது அப்படிப்பட்டதன்று. பார்வை நன்றாக இருக்கும்போதே ஆண்டுதோறும் சோதிக்க வேண்டும். சோதனையில் ஒன்றும் இல்லை என்று வந்தால் அதுவே வெற்றி. சிகிச்சை தேவைப்பட்டாலும் அது பெரும்பாலும் இருக்கிற பார்வையைக் காப்பாற்றும், இழந்ததை மீட்டுத் தராது. கும்பிடுவதற்கு யாரும் வரமாட்டார்கள். எங்கள் முகாம் பதிவேட்டில் சர்க்கரை அளவு கூடுதலாக இருப்பதை முதன்முறையாக அங்கேயே அறிந்துகொள்கிறவர்கள் ஒவ்வொரு முறையும் இருக்கிறார்கள். வரப்போகிற ஆண்டுகளின் பார்வையிழப்பு அந்த வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறது.

2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம், சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்குமான மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டு சேர்க்கிறது. அந்தப் பணியைச் செய்கிற மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்கள் பெரும்பாலும் சுயஉதவிக் குழுக்களிலிருந்து வந்தவர்கள். எந்த வீட்டில் யாருக்குச் சர்க்கரை என்பது அவர்களுடைய பதிவேட்டில் இருக்கிறது. விழித்திரையைப் படமெடுக்கும் கருவியைப் பார்வை மையத்தில் வைத்து, அந்தப் பதிவேட்டில் உள்ளவர்களை மாதம் ஒரு தெருவாக அழைத்து வர ஒரு வேன் ஏற்பாடு செய்தால், எங்கள் வட்டாரத்துச் சர்க்கரை நோயாளிகளை ஆண்டுக்கு ஒருமுறையாவது பார்த்துவிடலாம் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறோம். ஆரம்பச் சுகாதார நிலைய மருத்துவர் ஒப்புக்கொண்டிருக்கிறார். மருத்துவமனையும் கருவியைத் தரத் தயார். வேனின் மாதச் செலவுதான் பாக்கி. வருகிற தை மாதத்தில் தாயாரின் நினைவாக முகாம் நடத்தக் கேட்டிருக்கும் குடும்பத்திடம், முகாமுக்குப் பதிலாக அந்த வேனை ஓராண்டுக்கு ஏற்றுக்கொள்ள முடியுமா என்று சென்ற வாரம் கேட்டோம். வேனின் பக்கவாட்டில் புகைப்படம் போடலாமா என்று அவர்கள் கேட்டார்கள். போடலாம் என்று சொல்லிவிட்டேன். கலந்து பேசிச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்கள்.